அஞ்சல்தலையில் ஒரு சிரிப்பு: கலைஞர் பி. ரம்லி

அஞ்சல்தலை அளவில் மிகச் சிறியது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு நாடு தன் மக்களில் யாரை மறக்க விரும்பவில்லை என்பதை அந்தச் சிறு தாள்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறது. அரசர்களும் தலைவர்களும் அதில் இடம்பெறுவது இயல்பு. மக்களைச் சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அதில் இடம்பெறுவது அரிது. பிரிட்டன் 1985ஆம் ஆண்டில் தன் திரைப்பட ஆண்டைக் கொண்டாடியபோது சார்லி சாப்ளினுக்கு அப்பெருமையைத் தந்தது. பிலிப்பீன்சு தன் நகைச்சுவை மன்னர் டால்பியை அவ்வாறே போற்றியது. நம் மலேசியா 1999ஆம் ஆண்டில் பி. ரம்லிக்கு நினைவு அஞ்சல்தலைகளை வெளியிட்டது.

அஞ்சல்தலை வந்தபோது ரம்லி மறைந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடிருந்த இறுதி நாள்களில் வாய்ப்பும் வருமானமும் குறைந்து வாடியவரைத்தான் பின்னாளில் நாடு இப்படிக் கொண்டாடியது. இந்த முரண்பாட்டை எண்ணிப் பார்ப்பதற்காகவே அவருடைய வாழ்க்கையை இங்கே நினைவுகூர்கிறோம். அதோடு, மலாய்த் திரையுலகின் மாபெரும் கலைஞராகிய அவருக்கும் தமிழர்களாகிய நமக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது என்பதையும் மாணவ நண்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

பினாங்கு தந்த பிள்ளை

தெக்கு சக்காரியா என்பது அவருடைய இயற்பெயர். 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் தெக்கு ஞாக் புத்தே, சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்த கடலோடி. தாயார் சே மா உசேன், பட்டர்வொர்த் பக்கத்துப் பெண்மணி. ரம்லி என்ற பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி' என்னும் எழுத்து தந்தையின் பெயரான புத்தேவிலிருந்து வந்தது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது புதிய செய்தியன்று. அக்கால மலாய் நடிகர் பலரும் இப்படித் தலைப்பெழுத்தோடுதான் அறியப்பட்டனர்.

புகழ்பெற்ற பினாங்கு ஃபிரீ பள்ளியில் அவர் பயின்றார். படிப்பைவிட அவரைக் கவர்ந்தது இசைதான். முதலில் யூக்குலேலி, பிறகு கித்தார், அதற்குப் பின் வயலின் என ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். இடையில் ஜப்பானியர் ஆட்சி வந்தது, படிப்பு தடைப்பட்டது. போர் முடிந்தபின் ஊர்த் திருமணங்களிலும் சந்தைகளிலும் விழா மேடைகளிலும் பாடத் தொடங்கினார். 1947ஆம் ஆண்டில் வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் முதற்பரிசும் பெற்றார்.

1948ஆம் ஆண்டில் புக்கிட் மெர்த்தாஜாமில் நடைபெற்ற ஒரு விழாவில் இவர் பாடியதை இயக்குநர் ஒருவர் கேட்டார். இந்தியாவிலிருந்து வந்து மலாய்த் திரைப்படங்களை இயக்கிக்கொண்டிருந்த பி. எஸ். ராஜான்ஸ் என்பவரே அவர். 1934ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் மலாய்ப் பேசும்படமான 'லைலா மஜ்னுன்' அவர் இயக்கியதுதான். அந்த இளைஞனின் குரலில் ஏதோ ஒன்று இருப்பதை உணர்ந்த ராஜான்ஸ், அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். பத்தொன்பது வயது ரம்லி பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

ஜாலான் அம்பாஸ்

சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் என்னும் தெருவில் ஷா சகோதரர்களின் 'மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ்' படப்பிடிப்பு நிலையம் இயங்கியது. முதலாளிகள் சீனர்கள். நடித்தவர்கள் மலாய்க்காரர்கள். படங்களை இயக்கியவர்கள் தொடக்க காலத்தில் பெரும்பாலும் இந்தியர்கள். நாட்டின் மூன்று இனங்களும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்த இடம் அது. அங்கே ரம்லிக்குக் கிடைத்த முதல் வேடம் கதாநாயகன் வேடமன்று. 1948ஆம் ஆண்டில் வந்த 'சிந்தா' படத்தில் வில்லனாக நடித்தார். கதாநாயகன் வாயசைக்க, அவருக்காகத் திரைக்குப் பின்னால் நின்று பாடியவரும் ரம்லிதான்.

அவருடைய முகத்தையும் குரலையும் ஒருசேரத் திரைக்குக் கொண்டுவந்தவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து சிறுவயதிலேயே பினாங்கிற்கு வந்து வளர்ந்த இவர், 1950ஆம் ஆண்டில் 'பக்தி' என்னும் படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கினார். தன் சொந்தக் குரலில் பாடி நடிக்கும் நாயகனாக ரம்லியை மக்கள் கண்டது அப்படத்தில்தான். அந்தப் படத்தின் பெயரே நமக்குத் தெரிந்த சொல்தான். வடமொழி தந்த அச்சொல், தமிழில் இறையன்பையும் மலாயில் தொண்டையும் குறித்து நிற்கிறது.

அதன்பின் எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர், பி. என். ராவ், பணி மஜும்தார் எனப் பல இந்திய இயக்குநர்களிடம் ரம்லி நடித்தார். இவர்களுள் பி. என். ராவ், மலாயாவுக்கு வருமுன் தமிழ்நாட்டில் 'ரம்பையின் காதல்' (1939) போன்ற தமிழ்ப் படங்களை இயக்கியவர். கதையின் நடுவே பாட்டு வருவதும், சோகத்துக்குப் பக்கத்திலேயே நகைச்சுவையை வைப்பதும், தாயை மையமாக்கிக் கண்ணீர் வரவழைப்பதும் இந்தியத் திரைப்பட மரபு. ரம்லி அந்த மரபை அருகிலிருந்து பார்த்தார். எங்கே கேமராவை வைக்கிறார்கள், எப்படிக் காட்சியை வெட்டுகிறார்கள், பாட்டுக்கு இடம் எப்படி ஒதுக்குகிறார்கள் என்று ஒவ்வொன்றையும் கவனித்துக் கற்றார். கற்றதை அப்படியே திருப்பித் தரவில்லை. மலாய்க் கம்பத்துப் பேச்சும் நாட்டுப்புறக் கதையும் கலந்து தனக்கென ஒரு பாணியை உருவாக்கினார். அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது.

ஏழையின் முகம்

1955ஆம் ஆண்டில் ரம்லி முதன்முதலாக ஒரு படத்தை இயக்கினார். 'பெனாரெக் பேச்சா' என்பது அதன் பெயர். பேச்சா இழுப்பவன் என்று பொருள். கதையை எழுதியவர், இயக்கியவர், நடித்தவர், பாடியவர் எல்லாம் அவரே. தாயோடு குடிசையில் வாழும் பேச்சாக்காரன் ஒருவன், பணக்கார வீட்டுப் பெண், ஏழையை மனிதனாகவே மதிக்காத அவளுடைய தந்தை ஆகிய மூவரைச் சுற்றியே கதை சுழலும். முதற்படத்துக்கு அரசனையோ வீரனையோ தேடிப் போகாமல், வெயிலிலும் மழையிலும் பிறரைச் சுமந்து செல்லும் ஒரு தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த ஆண்டில் பணி மஜும்தார் இயக்கிய இரண்டு படங்கள் அவரை ஆசிய அளவில் உயர்த்தின. 'ஹங் துவா' படத்தின் இசைக்கு ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு கிடைத்தது. 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தை, மகன் என இரட்டை வேடம். அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்து மகனைக் கெடுத்துவிட்டு, இறுதியில் தானே காவல்துறைக்குத் தகவல் தரும் தந்தையின் கதை அது. இப்படத்துக்காக 1957ஆம் ஆண்டில் தோக்கியோவில் நடைபெற்ற விழாவில் ரம்லி சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 28.

1962ஆம் ஆண்டில் வந்த 'இபு மெர்த்துவாக்கு' படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 'என் மாமியார்' என்பது அத்தலைப்பின் பொருள். இசைக்கலைஞனை மருமகனாக ஏற்க மறுக்கும் பணக்கார மாமியார், மகளைப் பிரித்துக்கொண்டு போய், அவள் இறந்துவிட்டதாக மருமகனுக்குத் தந்தி அடிக்கிறார். பொய்த்தந்தியை நம்பிய நாயகன் அழுது அழுது பார்வையை இழக்கிறான். பிறகு ஒரு மருத்துவர் அவனுக்குக் கண்ணொளி தருகிறார். அந்த மருத்துவரின் மனைவியே தன் மனைவி என்று தெரியவரும்போது, கிடைத்த பார்வையைத் தானே அழித்துக்கொள்கிறான். கலைஞனை இழிவாக நினைக்கும் சமுதாயத்தின்மேல் ரம்லி வைத்த கடுமையான குற்றச்சாட்டு இப்படம். 1963ஆம் ஆண்டு தோக்கியோ விழாவில் பன்முகத் திறன் படைத்த கலைஞர் என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது இப்படத்துக்காகவே.

சிரிக்க வைத்த மூவர்

அழ வைத்தவரைவிடச் சிரிக்க வைத்தவராகத்தான் மக்கள் அவரை அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டில் வந்த 'பூஜாங் லாப்போக்' அதற்கு வித்திட்டது. வயது கடந்தும் கல்யாணம் ஆகாத மூன்று பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ரம்லி, எஸ். சம்சுடின், அசிஸ் சத்தார் ஆகிய மூவரும் சொந்தப் பெயர்களிலேயே வந்தனர். கையில் காசு இல்லை. மனத்தில் ஆசைக்குக் குறைவில்லை. இந்த மூவரையும் மக்கள் தம் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே ஏற்றுக்கொண்டனர்.

இரண்டாண்டுகள் கழித்து வந்த 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூவரும் சிலாட் தற்காப்புக் கலை பயிலச் செல்கிறார்கள். குருவின் மகள் நடத்தும் வகுப்பில் எழுத்தும் கற்கிறார்கள். வளர்ந்த ஆண்கள் சிறுபிள்ளைகளைப் போல் பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் காட்சியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. அப்போது நாடு சுதந்திரம் பெற்று இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. முதியோர் கல்வி நாடு முழுவதும் பேசப்பட்ட காலம் அது. படிக்காதவனைக் கேலி செய்யாமல், படிக்காதவனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே படிப்பின் அவசியத்தை ரம்லி சொன்னார். கோலாலம்பூரில் 1959ஆம் ஆண்டு நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் அப்படத்துக்குச் சிறந்த நகைச்சுவைப் படத்துக்கான விருது கிடைத்தது.

அதே ஆண்டில் வந்த 'நுஜும் பாக் பெலாலாங்' ஒரு நாட்டுப்புறக் கதை. சோம்பேறித் தந்தை ஒருவர் தற்செயலாகப் பெரிய சோதிடர் என்று பெயர் வாங்கிவிடுகிறார். அரசன் அவரை அழைத்து, திருடர்களைக் கண்டுபிடிக்காவிட்டால் தலை போகும் என்கிறான். அஞ்சி நடுங்கும் அவர், தன் உடலையும் உயிரையும் விளித்துப் புலம்புகிறார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டு திருடர்களின் பெயர்களும் பாடான், ஞாவா. மலாயில் உடல், உயிர் என்றே அவற்றுக்குப் பொருள். தங்கள் குட்டு வெளிப்பட்டுவிட்டதென்று எண்ணி அவர்கள் தாமாகவே அகப்பட்டுக்கொள்கிறார்கள். மரியாதைராமன் கதையும் தெனாலிராமன் கதையும் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான சிரிப்பாகத் தோன்றுமா? இப்படமும் 1960ஆம் ஆண்டில் சிறந்த நகைச்சுவைப் பட விருதைப் பெற்றது. 1964ஆம் ஆண்டில் 'மடு தீகா' மூன்றாம் முறையாக அதே விருதைக் கொண்டுவந்தது.

தோட்டத்துத் திடலில்

இந்தச் சிரிப்பு நகரத்துக் கொட்டகைகளோடு நின்றுவிடவில்லை. சுவா பெத்தோங், பிரட்வால், லாபு, ஜெராம் பாடாங் என்று நெகிரி செம்பிலான் மாநிலமெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்த காலம் அது. சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் இருந்த படக்கொட்டகைக்குப் போய்வர, அன்றாடங்காய்ச்சிக் குடும்பங்களுக்கு எப்போதாவதுதான் முடியும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் மக்களுக்குப் பொழுதுபோக்கு என்பது கோயில் திருவிழாவும் கூத்தும் வானொலியும்தான். அந்நிலையில் தோட்டத் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட படங்கள் பெரிய வரமாக இருந்தன. மலாய்க்காரர்கள் அதை 'வாயாங் பாசாக்' என்பார்கள்.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தகவல் துறையின் வண்டிகளும் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் வந்து படம் காட்டின. 1946ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலாயா ஃபிலிம் யூனிட்டின் செய்திப்படங்கள் அவற்றில் இடம்பெற்றன. தோட்டத்து மக்களின் உள்ளம் கவர்ந்தவை தமிழ்ப் படங்களே என்பதில் ஐயமில்லை. என்றாலும் மலாய்ப் படங்களும் அவர்களுக்குப் பழகிப்போயின. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர்த் தோட்ட மண்டபங்களுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது ரம்லி லயத்து வாசலுக்கே வந்துவிட்டார் எனலாம். மின்விசைப் பொறி ஓடும் மாலை நேரத்தில் ஒரே பெட்டியின் முன்னால் பாயை விரித்துப் பெரியவரும் சிறியவரும் உட்கார்ந்து பார்த்த தலைமுறை ஒன்று நம்மிடையே இன்னும் இருக்கிறது.

அவர்களுக்கு ரம்லியின் மலாய் முழுமையாகப் புரிந்திருக்குமா? சந்தை மலாய் மட்டுமே அறிந்தவர்கள்தாம் பலர். ஆயினும் முதலாளியின் கஞ்சத்தனமும் வாடகை கட்ட வழியில்லாமல் ஒளிந்துகொள்வதும் புரிவதற்கு அகராதி தேவையில்லை. 1962ஆம் ஆண்டில் வந்த 'லாபு டான் லாபி' படத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கருமியின் வீட்டில் சமையற்காரனும் காரோட்டியுமாக வேலை பார்க்கும் இருவர், நாள் முழுக்க ஏச்சு வாங்கிவிட்டு, இரவில் படுத்தபடியே தாங்கள் மருத்துவராகவும் நீதிபதியாகவும் ஆகிவிட்டதாகக் கனவு காண்கிறார்கள். 'லாபு' என்றால் மலாயில் பூசணி, சுரை வகைக் காய். சிரம்பானை அடுத்த லாபு வட்டாரத்துத் தோட்டத்தாருக்கு அது ஊர்ப்பெயருங்கூட. பெயர் மட்டுமன்று, அந்தக் கனவும் அவர்களுடையதுதான். கிராணியிடமும் தண்டலிடமும் பேச்சு வாங்கிய பகல் முடிந்தபின், தன் பிள்ளை டாக்டராவான் என்று லயத்துத் திண்ணையில் கனவு கண்ட தகப்பன்மார் எத்தனை பேர்!

வேறொரு பயனும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமை கோரியவர்களிடம் ஓரளவு மலாய்மொழி அறிவு எதிர்பார்க்கப்பட்டது. பள்ளிக்கூடப் படிப்பில்லாத தோட்டத் தொழிலாளர் பலருக்கு அதுவே பெருந்தடையானது. குடியுரிமை பெறாதவர்கள் 1969க்குப் பின் வேலை செய்யவே அனுமதிச் சீட்டு பெற வேண்டிய நிலை வந்தது. பல குடும்பங்கள் கப்பலேறித் தாயகம் திரும்பின. இவ்வளவு பெரிய சிக்கலுக்குத் திரைப்படம் தீர்வாகாது. ஆனால் அச்சத்தோடு அணுக வேண்டியிருந்த ஒரு மொழியைச் சிரித்துக்கொண்டே காதில் வாங்கும் வாய்ப்பை ரம்லி தந்தார் என்பதை மறுக்க முடியாது. அலுவலகத்து மலாய் நம்மவரை மிரட்டியது. ரம்லியின் மலாய் தோளில் கைபோட்டுப் பேசியது.

இவ்விடத்தில் நம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனையும் நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. மலாயா சுதந்திரம் பெறுவதற்கு முந்தைய நாளாகிய 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் கலைவாணர் மறைந்தார். 'பூஜாங் லாப்போக்' வந்ததும் அதே ஆண்டில்தான். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பினார் என்று சொல்வது மிகையாகும். இருவரும் வேறு வேறு மொழியின் கலைஞர்கள். ஆனால் இருவரும் பாட்டும் நடிப்பும் சிந்தனையும் ஒருங்கே கொண்டவர்கள். யாரையும் புண்படுத்தாமல் அறிவு புகட்டியவர்கள். ஐம்பது வயதை எட்டாமலே மறைந்தவர்கள். தோட்டத்துத் தமிழன் இருவரையும் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

தேய்பிறைக் காலம்

1962ஆம் ஆண்டில் ஏ.எம்.என். விருது பெற்ற ரம்லி, 1964ஆம் ஆண்டில் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். மூன்றாவது மனைவியும் புகழ்பெற்ற பாடகியுமான சலோமாவும் உடன் வந்தார். ஹுலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் அவர் 18 படங்களை இயக்கினார். அங்கே ஜாலான் அம்பாசில் இருந்த வசதிகள் இல்லை. அனுபவம் வாய்ந்த தொழில்நுட்பக் கலைஞர்கள் குறைவு. ஒதுக்கப்பட்ட பணமும் குறைவு. மலேசியாவோடு இந்தோனேசியா மோதலில் இறங்கியதால் அங்கிருந்த பெரிய சந்தை கைவிட்டுப் போனது. தொலைக்காட்சி, கொட்டகைக் கூட்டத்தைக் குறைத்தது. வெளிநாட்டு வண்ணப்படங்களோடு கறுப்பு வெள்ளை மலாய்ப் படங்கள் போட்டியிட முடியவில்லை. மின்கித்தார் முழங்கிய புதிய இசையின் பின்னால் இளைஞர்கள் போனார்கள். ஜாலான் அம்பாஸ் நிலையமும் 1967ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

நேற்றுவரை கொண்டாடியவர்களே ரம்லியின் காலம் முடிந்துவிட்டது என்று பேசத் தொடங்கினார்கள். 1972ஆம் ஆண்டில் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படமாயிற்று. அதன்பின் படம் எடுக்க அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, நூற்றுக்கணக்கான பாடல்களைத் தந்த ஒருவர் வேலையின்றி வீட்டில் இருந்தார். 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பு அவருடைய உயிரைப் பறித்தது. வயது 44 மட்டுமே. கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் முஸ்லிம் இடுகாட்டில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மறைந்தபின் வந்த மாலைகள்

அவர் கண்மூடிய பிறகுதான் நாடு கண்விழித்தது. தொலைக்காட்சி அவருடைய பழைய படங்களை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பியது. கொட்டகைக்கு வராதவர்களின் பிள்ளைகள், வரவேற்பறையில் அமர்ந்து அவருடைய வசனங்களை மனப்பாடம் செய்தார்கள். கோலாலம்பூரின் நடுவே ஒரு சாலை அவர் பெயரைப் பெற்றது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986ஆம் ஆண்டில் நினைவகமாயிற்று. 1990ஆம் ஆண்டில் டான் ஸ்ரீ பட்டம் வழங்கப்பட்டது. அதன்பின் 1999ஆம் ஆண்டில் அந்த அஞ்சல்தலைகள் வந்தன.

அஞ்சல்தலையில் மறைந்தவர்களையே போற்றுவது பல நாடுகளில் உள்ள வழக்கம்தான். அதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் அஞ்சல்தலைக்குக் காத்திருக்கலாம், அரிசிக்குக் காத்திருக்க முடியாது. ஒரு கலைஞனுக்கு உயிரோடிருக்கும்போது தேவைப்படுவது அடுத்த வாய்ப்பு. அதைத் தராமல் விட்டுவிட்டு, பிறகு எத்தனை மாலைகள் சூட்டினாலும் அந்தக் குறை நிறையாது. ரம்லியின் அஞ்சல்தலை நாட்டின் நன்றியைக் காட்டுகிறது. கூடவே நாட்டின் தாமதத்தையும் காட்டுகிறது.

இன்னொன்றையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். 1986ஆம் ஆண்டில் மாநில அஞ்சல்தலைகளில் நாட்டின் பயிர்கள் இடம்பெற்றன. 15 காசு தலையில் ரப்பர். 20 காசு தலையில் செம்பனை. நெகிரி செம்பிலானிலிருந்து புறப்பட்ட கடிதங்களின் மேல் அந்த ரப்பர் ஊர் ஊராகச் சென்றது. அத்தலைகள் பயிரைக் காட்டின. அந்தப் பயிரை வளர்த்த மனிதனின் முகத்தைத் தேட வேண்டுமானால் வேறெங்கோதான் தேட வேண்டும். பேச்சா இழுப்பவனையும் சமையற்காரனையும் எழுத்தறியாதவனையும் கதாநாயகனாக்கிய ரம்லியின் படங்கள் அத்தகைய ஓரிடம். தன் இனத்து ஏழையைத்தான் அவர் காட்டினார். ஆனால் அவனுடைய முகத்தில் நம் தாத்தா பாட்டியர் தம் முகத்தையும் கண்டுகொண்டார்கள்.

நாம் செய்ய வேண்டியது

நெகிரி செம்பிலானின் பல தோட்டங்கள் இன்று முன்போல் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. படம் காட்டிய திடல்கள் சில சாலைகளாகிவிட்டன. லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களுக்கு வந்திருக்கிறார்கள். 'லாபு டான் லாபி'யில் கனவாக மட்டும் இருந்தது, நம்மில் சிலர் வாழ்வில் நனவாகியிருக்கிறது. இந்த வேளையில் இரண்டு கடமைகள் நமக்கு உண்டு.

முதலாவது, பி. ரம்லியை நம்முடைய கலைஞராகவும் உரிமையோடு அறிந்துகொள்வது. அவரைக் கண்டெடுத்த ராஜான்ஸ், நாயகனாக்கிய எல். கிருஷ்ணன், தமிழ்ப் படம் இயக்கிவிட்டு இங்கு வந்த பி. என். ராவ் ஆகியோரின் பெயர்களை மலேசியத் திரைப்பட வரலாற்றில் நாம் எடுத்துச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்? ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு இங்கே ஒரு வயலே காத்திருக்கிறது.

இரண்டாவது, நம்மிடையே வாழும் கலைஞர்களை அவர்கள் வாழும்போதே போற்றுவது. தோட்டத்து மேடைகளில் நாடகம் போட்டவர்கள், கோயில் திருவிழாக்களில் காமன் கூத்து ஆடியவர்கள், உருமியும் தப்பும் அடித்தவர்கள், கோமாளி வேடம் கட்டி லயத்தையே சிரிக்க வைத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசு அஞ்சல்தலை வெளியிடப் போவதில்லை. ஒரு மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு பிற்பகல் உட்கார்ந்து கேட்டால், அதுவே அவர்களுக்கு அஞ்சல்தலை. அவர்களைக் கழக விழாவுக்கு அழைத்து மேடையேற்றி, கையில் ஓர் உறையும் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது.

ரம்லிக்கு நாடு 26 ஆண்டுகள் தாமதித்தது. நம் கலைஞர்களுக்கு நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.